அந்த லீவர் ஆக்சிலரேட்டர் இல்லை: பழைய தோட்ட டிராக்டரும் அதன் கவர்னரும்

டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் எங்கள் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மடும்பிக் கிழங்கு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, நடுவில் ஒரு போகம் பீன்ஸ். விளைந்ததை விடியுமுன்னே பாக்கியில் (கடன் பாக்கி இல்லை, பின்னால் சாமான் ஏற்றுகிற வண்டி) போட்டு வார்விக் காலைச் சந்தைக்கு அனுப்பிவிடுவார். உழவுக்கு ஒரு பழைய தோட்ட டிராக்டர் வைத்திருந்தார். 12 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், வயதில் எனக்கு மூத்தது. ஒருநாள் அது இழுக்கத் திணறுகிறது என்று வேலை தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவரிடம் காட்டினார். அவர் பார்த்தார், 'கவர்னர் பிடிக்குது, அதான் இழுக்கல' என்றார் (கவர்னர் என்பது என்ஜினின் வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கிற சாமான்), கவர்னர் கையைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வண்டி பறந்தது. மாமாவுக்கு ஏக சந்தோஷம். மூன்றாம் நாள் கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனைப் பிடித்து இழுக்கிற தண்டு, என்ஜினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

பழைய தோட்ட டிராக்டர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் 'கவர்னர் போச்சு' என்ற பேச்சு வராமல் இருக்காது. சத்தம் ஏறி இறங்கினால் கவர்னர் போச்சு, இழுக்காவிட்டால் கவர்னர் போச்சு, வேகமாக ஓடினாலும் கவர்னர்தான். உண்மையில் இந்தச் சாமான் லேசில் கெடாது. பக்கத்தில் இருக்கிறவன் செய்த தப்புக்கு இது பழி சுமக்கிறது, அவ்வளவுதான். இது என்ன செய்கிறது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால் வீட்டிலேயே பாதிப் பிரச்சினையைக் கண்டுபிடித்துவிடலாம். அதைவிட முக்கியம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துவிடும்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறேன்

பெரிய பண்ணை டிராக்டர் இல்லை. புல் வெட்டவும் சின்ன நிலத்தைக் கிளறவும் வந்த, ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற குட்டி டிராக்டர். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-ல் கொண்டுவந்த கப் கேடட், 1963-ல் வந்த ஜான் டீர் 110, வீல் ஹார்ஸ் வண்டிகள் எல்லாம் இந்தக் குடும்பம். அமெரிக்காவில் 1960-களிலும் 70-களிலும் வந்த இந்த வகை வண்டிகள் பலவற்றில் கோலர் கம்பெனியின் வார்ப்பிரும்பு ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்தான் இருக்கும். காற்றால் குளிர்வது, ரேடியேட்டர் கிடையாது. எங்கள் பக்கம் இவை அரிது. யாரோ எப்போதோ கொண்டுவந்து, கை மாறிக் கை மாறி, கடைசியில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடக்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி புல்வெட்டும் மெஷினுக்கும் வீட்டு ஜெனரேட்டருக்கும் பொருந்தும்.

லோட் ஷெடிங்கும் கெட்டிலும்

ஜெனரேட்டர் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) நடந்த 2022, 2023 ஞாபகம் வந்திருக்கும். கரண்ட் போனதும் தெருவே டுர்ர்ர் என்று இரைந்தது. அப்போது ஒரு விஷயம் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து யாராவது டீக்குக் கெட்டிலைப் போடுவார்கள். உடனே என்ஜின் ஒரு கணம் அமுங்கும், 'ம்ம்' என்று முனகும், அப்புறம் குரல் கனத்துப் பழைய வேகத்துக்கே வந்து நிற்கும். கெட்டில் கொதித்து அணைந்ததும் ஒரு கணம் துள்ளி மறுபடி அடங்கும்.

யோசித்துப் பாருங்கள், ஜெனரேட்டர் பக்கத்தில் யாரும் நின்றுகொண்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கவில்லை. ஆனாலும் சுமை ஏறியதும் பெட்ரோல் கூடியது, இறங்கியதும் குறைந்தது. அந்த வேலையைச் செய்தது கவர்னர். ஜெனரேட்டருக்கு இது சும்மா வசதிக்காக வைத்ததும் இல்லை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருவது, 50 ஹெர்ட்ஸ். சாதாரண வீட்டு ஜெனரேட்டர் அதைக் கொடுக்க நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடியாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் அதே மாதிரி ஜெனரேட்டர் 3600 ஓடும். கூடினாலும் குறைந்தாலும் மின்சாரம் கெடும், ஃப்ரிட்ஜ் கெடும்.

ஆக, கவர்னர் என்பது சுமை எப்படி மாறினாலும் என்ஜினின் வேகத்தை ஏறக்குறைய ஒரே இடத்தில் பிடித்து வைக்கிற அமைப்பு. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

கவர்னர் இல்லாத வண்டியில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்

நீங்கள்தான். பாக்கியை எடுத்துக்கொண்டு என்2 சாலையில் ஸ்டாங்கர் பக்கம் போகிறீர்கள் என்று வையுங்கள். 100-ல் போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். மேடு வந்ததும் முள் 95-க்கு இறங்குகிறது, கண் பார்க்கிறது, கால் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிக்கிறது. பள்ளம் வந்து முள் 105-க்கு ஏறினால் கால் தானாகத் தளர்கிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டே, பேசிக்கொண்டே செய்கிறோம், செய்வதே தெரியாது.

இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். வேகத்தைப் பார்க்கிற கண், 'எனக்கு 100 வேண்டும்' என்கிற மனசு, மிதிக்கிற கால். தோட்ட டிராக்டரில் நீங்கள் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் கலப்பை நேராக வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, காலை ஆக்சிலரேட்டரிலும் வைத்துக்கொண்டு உழ முடியாது. ஒரு பக்கம் கெட்டி மண், ஒரு பக்கம் இளகிய மண், சுமை நொடிக்கு நொடி மாறும். அதனால் கண்ணையும் காலையும் என்ஜினுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உங்களிடம் விட்டது மனசை மட்டும். டேஷ்போர்டில் முயல் படமும் ஆமைப் படமும் போட்ட லீவர் இருக்கிறதே, அதுதான் அந்த மனசு.

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. அந்த லீவரைத் தள்ளினால் பெட்ரோல் கூடுகிறது என்று நினைக்கிறோம். பெட்ரோலைக் கூட்டுவது லீவர் இல்லை. 'இந்த வேகத்தில் ஓடு' என்று உத்தரவு போடுவதோடு லீவரின் வேலை முடிந்தது. அந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று முடிவு செய்வது கவர்னர்.

உள்ளே என்னதான் இருக்கிறது

முதலில் கார்பரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாமான். அதன் தொண்டையில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டத் தகடு ஒன்று திரும்பும். அதற்குப் பெயர் த்ராட்டில். தகடு படுத்தால் வழி திறக்கும், கலவை நிறையப் போகும். நிமிர்ந்தால் வழி அடையும்.

இனி என்ஜினுக்குள்ளே. ஒரு சின்னப் பல்சக்கரம் என்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் கீல் போட்ட இரண்டு குட்டி எடைக்கற்கள். திருவிழாவில் சங்கிலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள், மெதுவாகச் சுற்றும்போது தொட்டில்கள் கீழே தொங்கும், வேகம் ஏற ஏற வெளியே விரிந்து பறக்கும். இந்த எடைகளும் அப்படித்தான். என்ஜின் வேகமானால் விரியும், மெதுவானால் சுருங்கும். விரியும்போது நடுவில் இருக்கிற ஒரு முளையை முன்னால் தள்ளும். முளை ஒரு தண்டை லேசாகத் திருப்பும். தண்டின் மறுமுனை என்ஜினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒரு இரும்புக் கை மாட்டியிருக்கும். அதுதான் கவர்னர் கை, மாமாவின் வண்டியில் கம்பி கட்டிய இடம். அந்தக் கையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி த்ராட்டில் தகடுக்குப் போகிறது.

எடைகள் விரிந்தால் கை திரும்பி த்ராட்டிலை மூடும். அவ்வளவுதான் எடைகளின் வேலை, மூடுவது மட்டும். அப்போது திறப்பது யார்? ஒரு ஸ்பிரிங். கவர்னர் கையை எப்போதும் திறக்கிற பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் லீவரிலிருந்து வருகிற கேபிள் நேராகக் கார்பரேட்டருக்குப் போவதில்லை, இந்த ஸ்பிரிங்கின் மறுமுனைக்குத்தான் போகிறது. லீவரை முயல் பக்கம் தள்ளினால் ஸ்பிரிங் இறுகுகிறது. இறுகிய ஸ்பிரிங்கை எதிர்த்து மூட எடைகள் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். ஆகவே என்ஜின் அந்த வேகம் வரைக்கும் ஏறி, ஸ்பிரிங்கும் எடையும் சமமாகிற இடத்தில் நிற்கும்.

கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சமபலம், நடுவில் கட்டிய துணி அசையாமல் நிற்கிறது. அந்தத் துணிதான் த்ராட்டில். சுமை ஏறி என்ஜின் மெதுவானால் எடைப் பக்கம் தளரும், ஸ்பிரிங் இழுத்துத் திறந்துவிடும். சுமை குறைந்து என்ஜின் துள்ளினால் எடைப் பக்கம் ஜெயித்து மூடிவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். என்ஜின் நின்றிருக்கும்போது லீவரை முயலில் வைத்துக் கார்பரேட்டரைப் பாருங்கள், த்ராட்டில் முழுசாகத் திறந்து கிடக்கும். நிறையப் பேர் இதைப் பார்த்து 'த்ராட்டில் ஒட்டிக்கிச்சு' என்று பதறுவார்கள். ஒட்டவில்லை. எதிர்ப்பக்கம் இழுக்க எடைகள் இன்னும் சுற்ற ஆரம்பிக்கவில்லை, அதான். என்ஜின் எடுத்ததும் தகடு டக்கென்று மூடிக்கொள்வதைப் பார்த்தால் கவர்னர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த எடைகள் சுற்றுகிற யோசனை ரொம்பப் பழசு. காற்றாலை மாவு மில்களில் இருந்ததை ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி என்ஜினுக்குக் கொண்டுவந்தார். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் டர்பனில் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கியபோது இதற்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

சுருக்கமாக: எடைகள் மூடும், ஸ்பிரிங் திறக்கும், லீவர் ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கும்.

கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்

'கவர்னர் சரியா இருந்தா வேகம் துளிகூட இறங்கக் கூடாதே, என் வண்டி கலப்பை இறங்கினதும் கொஞ்சம் அமுங்குது' என்று கேட்பவர்கள் உண்டு. அமுங்க வேண்டும். த்ராட்டில் இன்னும் திறக்க வேண்டுமானால் கவர்னர் கை நகர வேண்டும், கை அந்தப் பக்கம் நகர்ந்தால் ஸ்பிரிங் சுருங்குகிறது, சுருங்கிய ஸ்பிரிங்கின் இழுப்பும் குறைகிறது. அதனால் புதிய சமநிலை பழையதைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில்தான் அமையும். சுமையில் வருகிற இந்தச் சின்ன இறக்கத்துக்கு டிரூப் என்று பெயர். இது இருக்க வேண்டிய குணம். டிரூப்பே இல்லாதபடி ரொம்ப உஷாராக வைத்த கவர்னர் நிலைகொள்ளாமல் ஆடும்.

சில என்ஜின்களில் கவர்னர் கையில் வரிசையாக நாலைந்து ஓட்டைகள் இருக்கும். எந்த ஓட்டையில் ஸ்பிரிங்கை மாட்டுகிறோம் என்பதில்தான் இந்த உஷார் அடங்கியிருக்கிறது. தண்டுக்குக் கிட்டே மாட்டினால் உஷார் கூடும், டிரூப் குறையும், ஆட்டம் வரலாம். தள்ளி மாட்டினால் சாது, ஆனால் சுமையில் நிறைய அமுங்கும். கழற்றும் முன்னால் எந்த ஓட்டையில் இருந்தது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், நான் எடுக்காமல் கழற்றிவிட்டு அரைநாள் முழித்திருக்கிறேன்.

ஏறி இறங்கி ஏறி இறங்கி

சும்மா நிறுத்தி ஓடவிட்டால் வூம்... வூம்... வூம்... என்று என்ஜின் தானாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு ஹன்டிங் என்று பெயர், தன் வேகத்தைத் தேடி வேட்டையாடுகிறதாம். இதைக் கேட்டதும் 'கவர்னர் போச்சு' என்று தீர்ப்பு வந்துவிடும், ஸ்பிரிங்கை வெட்டிச் சுருக்குவார்கள், கொக்கியை வளைப்பார்கள், கோட் ஹேங்கர் கம்பியில் புதுக் கம்பி செய்து மாட்டுவார்கள்.

நான் பார்த்தவரைக்கும் ஹன்டிங்குக்குக் காரணம் பெரும்பாலும் கார்பரேட்டர். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வருகிற ஊசித்துளைகளுக்கு ஜெட் என்று பெயர். சுமை இல்லாமல் ஓடும்போது த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், அப்போது பெட்ரோல் ரொம்பச் சின்னத் துளை வழியாகத்தான் வரும். வண்டி ஆறு மாதம் சும்மா கிடந்தால் உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் வற்றிப் பிசின் மாதிரி படிந்து முதலில் அந்தச் சின்னத் துளையைத்தான் அடைக்கும். பெட்ரோல் போதாமல் என்ஜின் மெதுவாகும். எடைகள் சுருங்க, ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறந்துவிடும். திறந்ததும் பெரிய ஜெட் வழியாகப் பெட்ரோல் பாய்ந்து வந்து என்ஜின் துள்ளும். எடைகள் விரிந்து மூடிவிடும். மறுபடி பட்டினி, மறுபடி துள்ளல். கவர்னர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது, ஊட்டுகிறவன்தான் ஒழுங்காக ஊட்டவில்லை.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஹன்டிங் ஆகிக்கொண்டிருக்கும்போதே சோக்கை மெதுவாகப் பாதி வரைக்கும் இழுங்கள். சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டுகிற மூடி. இழுத்ததும் ஆட்டம் அடங்கி ஓட்டம் சீரானால் என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று தெரிந்துபோச்சு. கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், கார்பரேட்டரும் என்ஜினும் சேருகிற இடத்தில் கேஸ்கட் (இடுக்கை அடைக்கிற மெல்லிய அட்டை) கிழிந்து காற்று புகுகிறதா என்று பாருங்கள், போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். கலவையைத் திருத்தும் ஊசித் திருகு உள்ள பழைய கார்பரேட்டர் என்றால், அதைத் துளித்துளியாக வெளியே திருப்பிப் பாருங்கள். உள்ளே திருப்பும்போது முட்டியதும் நிறுத்திவிட வேண்டும், இறுக்கினால் ஊசிமுனை நசுங்கி அப்புறம் எந்த அளவிலும் நிற்காது.

சோக் இழுத்தும் மாற்றமில்லை என்றால் கம்பிகளைப் பாருங்கள். என்ஜினை அணைத்துவிட்டு கவர்னர் கையை விரலால் இங்கும் அங்கும் தள்ளுங்கள், வெண்ணெயில் போகிற மாதிரி போக வேண்டும். எங்கேயாவது தயங்கினால் அங்கே துருவோ எண்ணெய்ப் பிசுக்கோ வளைந்த கம்பியோ இருக்கும். ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்து, தளர்ந்து நீண்டிருந்தால் அந்த என்ஜினுக்கான புது ஸ்பிரிங் போட வேண்டும். கையில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்பிரிங் வேலைக்கு ஆகாது. ஸ்பிரிங்கின் பலம்தான் வேகம்.

3600 ஏன், 5000 ஏன் ஆகாது

இந்த வகை என்ஜின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வேகம் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 3600 சுற்று. உங்கள் வண்டியின் கையேட்டில் குறைவாக இருந்தால் அதுதான் கணக்கு. 3600 என்றால் வினாடிக்கு 60 சுற்று. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் நின்று திரும்புகிறது, அதாவது வினாடிக்கு 120 தடவை. அந்தப் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தித் திருப்பி இழுப்பது கனெக்டிங் ராடு, இந்த என்ஜின்களில் பெரும்பாலும் அலுமினியத்தில் செய்தது.

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. ராடு தாங்க வேண்டிய இழுப்பு வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. 3600-லிருந்து 5000-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை, ஆனால் இழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கவர்னர் கையைக் கம்பியால் கட்டிவிட்டால் சுமை குறைந்த நொடியில் அதை மூட யாரும் இல்லை. மாமாவின் வண்டிக்கு நடந்தது இதுதான். இதிலும் ராடு உடைந்தது சின்ன நஷ்டம். ஃப்ளைவீல், அதாவது என்ஜினின் ஓட்டத்தைச் சீராக்கும் அந்தக் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம், அளவுக்கு மீறிச் சுற்றிச் சிதறினால் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு ஆபத்து.

இதற்கு நேரெதிரான இன்னொரு பழக்கமும் உண்டு. 'பழைய வண்டி, பாவம்' என்று லீவரைப் பாதியில் வைத்து உழுவார்கள். பாவம் பார்த்த மாதிரி இருக்கும், ஆனால் காற்றால் குளிர்கிற என்ஜினுக்கு விசிறி ஃப்ளைவீலில்தான் இருக்கிறது, சுற்று குறைந்தால் காற்றும் குறையும். உள்ளே எண்ணெயை வாரித் தெளிக்கிற வேலையும் சுற்றை நம்பித்தான் நடக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது எடைகளின் விசையும் குறைவு என்பதால் கவர்னரின் பிடிப்பும் தளர்ந்திருக்கும். கஷ்டமான வேலை செய்யும்போது லீவர் முயலில் இருக்கட்டும், வண்டி மெதுவாகப் போக வேண்டுமானால் கியரைக் குறையுங்கள்.

இப்போதைக்கு ஞாபகம் வைக்க வேண்டியது: உச்ச வேகத்துக்குக் கீழே லீவரை நம்பலாம், உச்சத்தைத் தாண்டவிடாமல் தடுப்பது கவர்னர் ஒன்றுதான்.

காற்றில் ஓடுகிற கவர்னர்

சின்னப் புல்வெட்டு மெஷின்கள் பலவற்றில் எடைகள் கிடையாது. ஃப்ளைவீல் விசிறிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய தகடு தொங்கும். என்ஜின் வேகமானால் விசிறிக் காற்று தகட்டைத் தள்ளி த்ராட்டிலை மூடும். கேட்க விளையாட்டு மாதிரி இருந்தாலும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டு ஆபத்து. விசிறி மூடியில் புல் அடைத்துக்கொண்டால் காற்று குறையும், என்ஜின் வேகமாகிவிடும். அப்புறம், பழுது பார்க்கிறேன் என்று மேல் மூடியைக் கழற்றிவிட்டு என்ஜினை எடுப்பவர்கள். மூடி இல்லாவிட்டால் காற்று தகட்டுக்குப் போகாது, கவர்னரே இல்லாத என்ஜினைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

கவர்னர் கையை உட்கார வைப்பது

என்ஜினைப் பிரித்து மாட்டிய பிறகு கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை, பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற வேலை. தண்டின் வெளிமுனையில் கவர்னர் கை ஒரு நட்டால் கவ்வியிருக்கும். அந்தக் கை தண்டில் எந்தக் கோணத்தில் உட்கார்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. த்ராட்டில் முழுசாகத் திறந்திருக்கும் அந்த நிலையில் உள்ளே எடைகள் முழுசாகச் சுருங்கி, முளையும் தண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் எடைகள் விரிந்து அந்த இடைவெளியைக் கடந்து வந்து தொடுவதற்குள் என்ஜின் எங்கேயோ போயிருக்கும்.

முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். நட்டைத் தளர்த்துங்கள். கவர்னர் கையை த்ராட்டில் முழுசாகத் திறக்கிற பக்கமாகத் தள்ளி ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையில் குறடு எடுத்து, தண்டின் முனையைப் பிடித்து, கவர்னர் கை போன அதே பக்கமாக முட்டுகிற வரைக்கும் மெல்லத் திருப்புங்கள். இரண்டையும் விடாமல் நட்டை இறுக்குங்கள். பெரும்பாலான என்ஜின்களுக்கு இதுதான் வழி, ஆனாலும் உங்கள் மாடலின் கையேட்டில் தண்டு திரும்ப வேண்டிய திசையை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள், திசை மாறினால் விளைவும் தலைகீழ்.

அதன் பிறகு முதல் தடவை எடுக்கும்போது லீவர் ஆமையில் இருக்கட்டும், ஒரு கை சுவிட்சில் இருக்கட்டும். சுவிட்ச் உண்மையிலேயே என்ஜினை அணைக்கிறதா என்பதை முன்னாலேயே பார்த்துவைக்க வேண்டும், பழைய வண்டிகளில் அந்த ஒயர் எலி கடித்துக் கிடக்கும். எடுத்ததும் சத்தம் ஓயாமல் ஏறிக்கொண்டே போனால் யோசிக்க வேண்டாம், அணையுங்கள். அணையாவிட்டால் சோக்கை முழுசாக மூடுங்கள்.

ஒழுங்காக நின்று ஓடினால் கடைசியாக உச்ச வேகத்தை அளக்க வேண்டும். காதை நம்பாதீர்கள், ஒற்றைச் சிலிண்டரின் சத்தம் ஏமாற்றும். ஸ்பார்க் பிளக் ஒயரில் ஒரு ஒயரைச் சுற்றிவிட்டால் பொறியை எண்ணிச் சுற்றைக் காட்டுகிற சின்ன மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. உச்சம் கூடுதலாக இருந்தால் லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று நிறுத்துகிற திருகைத் திருத்துங்கள், ஸ்பிரிங்கை வளைக்காதீர்கள்.

மாமா ஓட்டையான என்ஜினை ஷெட்டில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, அதே குதிரைத்திறனில் இன்னொரு பழைய கோலர் தேடிப் பிடித்துப் போட்டார். கவர்னர் கையை இருவரும் சேர்ந்து உட்கார வைத்தோம், எடுத்தோம், சீராக ஓடியது. மீட்டரைப் பார்த்த மாமாவின் முகம் விழுந்துவிட்டது. 1770 காட்டியது. 'டேய் மருமகனே, பாதிகூட ஓடலியேடா' என்று ஸ்பிரிங்கிடம் கை போனது, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பல என்ஜின்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழும். இந்தப் பழைய கோலரில் பாயின்ட்டை (பொறி விழ வைக்கிற சுவிட்சை) இயக்குவது கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கிற தண்டு), அது இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் திரும்பும், ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதான். மீட்டரின் பொத்தானை அழுத்தி இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று மாற்றினேன். 3540.